தவறு ஒருவருடையது, தண்டனை ஒரு குடும்பத்திற்கா?



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

மது கூடாது, சூது கூடாது என்று எத்தனையோ ஜும்ஆக்களில் பேசியிருக்கிறோம், கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். குடிக்கு அடிமையானவர், கஞ்சாவில் சிக்கியவர், செல்போனில் ரம்மி ஆடிக் கடனில் மூழ்கியவர் ஆகியோரில் எத்தனை பேர் பயான் கேட்கும் நேரத்தில் பள்ளிக்குள் இருக்கிறார்கள்? பெரும்பாலும் அவர் இருப்பதில்லை. அவருடைய அத்தா இருக்கிறார். அண்ணன் இருக்கிறார். மாமனார் இருக்கிறார். பத்து வயது மகன் கடைசி ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவருடைய தாயும் மனைவியும் வீட்டிலிருந்து இதைக் கேட்கிறார்கள்.

எனவே இன்றைய ஜும்ஆவில் குடிப்பவரைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பேசுவோம். அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? அந்தக் குடும்பத்திற்கு நாம் என்ன செய்ய வேண்டும்?

குர்ஆன் சுட்டிக்காட்டும் பாதிப்பு

அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனத்தில் மதுவையும் சூதையும் அல்லாஹ் ஒரே வரிசையில் வைத்து, இரண்டும் ஷைத்தானின் அசுத்தமான செயல்கள், விலகிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடுகிறான். அடுத்த வசனத்தில் அதற்கான காரணத்தைக் கூறுகிறான். இவற்றின் மூலம் உங்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கவும் ஷைத்தான் விரும்புகிறான் என்பது அதன் கருத்து.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஈரல் கெடும், நரம்பு தளரும் என்று அல்லாஹ் இங்கே கூறவில்லை. அதுவும் உண்மைதான். ஆனால் முதலில் கூறப்படுவது பகைமையும் வெறுப்பும். அவை எங்கே உண்டாகும்? முதலில் வீட்டுக்குள்தான் உண்டாகும். கணவன் மனைவிக்கிடையே, அத்தாவுக்கும் மகனுக்குமிடையே, அண்ணன் தம்பிக்கிடையே. ஆக, குடும்பம் அடையும் பாதிப்பைப் பேசுவது புதிய விஷயமல்ல. குர்ஆனே அதை முன்னிறுத்தியிருக்கிறது.

போதை தரக்கூடிய ஒவ்வொன்றும் மதுவே, ஒவ்வொரு மதுவும் ஹராமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). எனவே கஞ்சா, போதை மாத்திரை, ஊசி என்று பெயர் மாறினாலும் சட்டம் மாறாது. சீட்டுக்கட்டு செல்போனுக்குள் போனாலும் சூது சூதுதான்.

இந்த இரண்டும் நம் வீடுகளுக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று இறந்தவர்களைத்தான் கணக்கில் எழுதினார்கள். விதவையானவர்களும் அனாதையானவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பிய பிறகு மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றமும் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும், ஏற்கெனவே வாங்கிய கடன் வீட்டு வாசலில் நிற்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியும் உடனே இறங்கிவிடுவதில்லை.

குடிப்பவரை வாடை காட்டிக்கொடுத்துவிடும். சூதாடுபவருக்கு வாடை கிடையாது. ஐந்து வேளை தொழுதுகொண்டே இரவில் போர்வைக்குள் ஆடுவார். பீரோவில் நகை இல்லை, வீட்டுப் பத்திரம் இல்லை என்று தெரியவரும் நாளில்தான் மனைவிக்கு விஷயமே தெரியும்.

குற்றம் யாருடையது?

இப்படி ஒரு குடும்பத்தில் பிரச்சனை வெளியே தெரிந்தவுடன் ஊர் என்ன பேசுகிறது? "வளர்ப்பு சரியில்லை" என்று தாயைப் பேசுகிறது. "பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா இவன் ஏன் குடிக்கப் போறான்?" என்று மனைவியைப் பேசுகிறது. "குடிகாரன் மகன்" என்று பிள்ளைக்குப் பட்டம் வைக்கிறது.

சுமை சுமக்கும் எந்த ஆத்மாவும் மற்றொன்றின் சுமையைச் சுமக்காது என்ற சட்டத்தை அல்லாஹ் குர்ஆனில் பல இடங்களில் கூறுகிறான். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 164-வது வசனம் அவற்றில் ஒன்று. கியாமத் நாளில் அல்லாஹ்வே சுமத்தாத ஒரு குற்றத்தை ஒரு தாயின் மீது சுமத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நூஹ் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். 950 ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்து சத்தியத்தை எடுத்துரைத்த நபி. கப்பல் மிதக்கும் நேரத்தில் தம் மகனைக் கூப்பிடுகிறார்கள், எங்களுடன் ஏறிக்கொள் என்று. மலை என்னைக் காப்பாற்றும் என்று மகன் மறுத்துவிடுகிறான். தந்தையின் கண் முன்னே அலை அவனைக் கொண்டு போகிறது. ஹூத் அத்தியாயம் இதை விவரிக்கிறது. நூஹ் நபியின் வளர்ப்பு சரியில்லை என்று சொல்ல ஒரு முஸ்லிமுக்கு நாக்கு வருமா? நபியின் மகனே தன் விருப்பப்படி தவறான வழியைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நம் தெருவில் உள்ள ஒரு தாயை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறோம்?

தவறு செய்தவரையே எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். அப்துல்லாஹ் என்ற ஒரு தோழர் இருந்தார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்றவர். மீண்டும் அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர், இவர் எத்தனை முறைதான் கொண்டுவரப்படுகிறார் என்று சபித்தார். நபி (ஸல்) அவர்கள் சபித்தவரைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்பதையே தாம் அறிந்திருப்பதாகச் சத்தியமிட்டுக் கூறினார்கள் (புகாரி). இன்னொரு சந்தர்ப்பத்தில், அல்லாஹ் உன்னைக் கேவலப்படுத்தட்டும் என்று ஒருவர் சொன்னபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள் (புகாரி).

தண்டனை நிறைவேற்றப்பட்டது, குற்றம் குற்றம்தான். ஆனால் திரும்பி வரும் கதவு அடைக்கப்படவில்லை. தவறு செய்தவருக்கே இந்தக் கண்ணியம் என்றால், தவறே செய்யாத அவருடைய மனைவி மக்களுக்கு எவ்வளவு கண்ணியம் தர வேண்டும்?

பணம் விஷயத்தில் குர்ஆனின் வழிகாட்டல்

இமாம்களிடம் இத்தகைய குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி பணம் பற்றியதுதான். "கடன்காரன் வாசலில் நிக்கிறான் ஹழ்ரத், நகையை வித்துக் கட்டிடவா?" "காசு கொடுக்கலைன்னா வீட்டை ரெண்டாக்குறான், என்ன செய்ய?"

அந்நிஸா அத்தியாயத்தின் 5-வது வசனம் இதற்கு அருமையான வழியைக் காட்டுகிறது. அல்லாஹ் உங்களுக்கு வாழ்வாதாரமாக ஆக்கியுள்ள செல்வத்தை விவேகமற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம். ஆனால் அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்பது அதன் கருத்து. செல்வத்தை வீணடிப்பவர் குறித்து ஃபிக்ஹ் நூல்களில் பேசப்படும் ஹஜ்ர் என்ற பாடம் இந்த வசனத்தோடு தொடர்புடையது.

ஒரே வசனத்தில் மூன்று கட்டளைகள் உள்ளன. பணத்தைக் கையில் கொடுக்காதே. சோற்றையும் துணியையும் நிறுத்தாதே. வாயால் கடிந்து நொறுக்காதே. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் மாற்றமாக இருக்கிறது. திட்டித் திட்டித் தீர்க்கிறோம், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வீசுகிறோம், கடைசியில் மானத்திற்குப் பயந்து பணத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது?

1. பிள்ளைகளின் ஃபீஸ், வீட்டு வாடகை, மளிகை, கரண்ட் பில் ஆகியவற்றை அவர் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். நேராகச் செலுத்துங்கள்.

2. வீட்டுப் பத்திரம், நகை, வங்கி அட்டை, செல்போனில் பணம் அனுப்பும் ரகசிய எண் ஆகியவற்றைப் பொறுப்பான ஒருவரின் பாதுகாப்பில் வையுங்கள். இது அவரை அவமதிப்பதல்ல. அவருடைய பிள்ளைகளின் வாழ்வாதாரத்தைக் காப்பது.

3. அவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் வாங்கியவர் மீதுதான் கடன் கடமையாகும். ஜாமீன் நின்றால் உங்கள் மீதும் அது கடமையாகிவிடும். மனைவி என்பதற்காகவோ அத்தா என்பதற்காகவோ மட்டும் இன்னொருவரின் கடன் உங்கள் கழுத்தில் ஏறாது.

4. உதவியாகக் கடனை அடைக்க நினைத்தால், முதலில் யார் யாருக்கு எவ்வளவு என்று முழுப் பட்டியல் எழுதுங்கள். கடன் கொடுத்தவரிடமே நேரில் செலுத்துங்கள். அவர் சிகிச்சைக்கும் வராமல், ஆட்டத்தையும் நிறுத்தாமல் இருக்கும்போது மொத்தக் கடனையும் அடைத்தால், அது பெரும்பாலும் அடுத்த கடனுக்குத்தான் வழி திறக்கும்.

5. கடன் ஆப்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் பயந்து பணம் அனுப்பாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

சூதில் தோற்ற பணம் ஷரீஅத்தில் கடனே ஆகாது. அந்த ஒப்பந்தமே செல்லாது. ஆனால் சூதாடுவதற்காக ஒருவரிடம் கைமாற்று வாங்கியிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கணவர் சம்பாதிக்கிறார், ஆனால் வீட்டுக்குத் தருவதில்லை. மனைவி என்ன செய்வது? ஹிந்த் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் அபூசுஃப்யான் தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்தாலும், உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்ற கருத்தில் நபியவர்கள் அனுமதி கொடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கஞ்சத்தனத்திற்கே இந்த அனுமதி என்றால், பணம் மதுக்கடைக்குப் போகும்போது? அரிசிக்காகக் கணவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு பெண், திருடிவிட்டோமோ என்று அழ வேண்டியதில்லை.

மறைப்பதா? சொல்வதா?

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பது நபிமொழி (முஸ்லிம்). அதனால் குடும்பத்தின் கதையைத் தெருவில், திருமண மண்டபத்தில், வாட்ஸ்அப் குழுவில் பரப்புவது பாவம். பள்ளிவாசல் திண்ணையும் இதற்கு விதிவிலக்கல்ல.

ஆனால் மறைப்பது என்பதற்கு ஒரு எல்லை உண்டு. மறைப்பதால் இன்னொருவர் பாதிக்கப்படுவார் என்றால் அங்கே மௌனம் துரோகமாகிவிடும். குறிப்பாகத் திருமண விஷயத்தில். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடுவான்" என்ற பேச்சு நம் குடும்பங்களில் எத்தனை பெண்களின் வாழ்வைப் பாழாக்கியிருக்கிறது! திருமணம் போதைக்கு மருந்தல்ல. நம் மகனைத் திருத்துவதற்கு இன்னொருவரின் மகளைச் செலவு செய்ய நமக்கு உரிமையில்லை.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மை இருவர் பெண் கேட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் பெண்களிடம் கடுமையானவர், மற்றவர் வசதியில்லாதவர் என்று நபியவர்கள் உள்ளதை உள்ளபடி கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள் (முஸ்லிம்). ஆலோசனை கேட்கப்படும்போது தேவையான அளவு உண்மையைச் சொல்வது புறம் ஆகாது என்பதற்கு உலமாக்கள் இந்த ஹதீஸை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

எனவே பெண் வீட்டார் மஹல்லாவில் வந்து பையனைப் பற்றி விசாரித்தால், "நல்ல பையன்தான்" என்று மழுப்பாதீர்கள். கேட்டவருக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும், உண்மையைச் சொல்லுங்கள். அதே நேரத்தில் அந்தப் பையனின் தங்கையைப் பெண் கேட்டு வந்தால், அண்ணனின் கதையைத் தங்கையின் தலையில் ஏற்றாதீர்கள்.

சிகிச்சைக்காக மருத்துவரிடம் சொல்வதும், பாதுகாப்புக்காக ஜமாஅத்திடமோ காவல்துறையிடமோ சொல்வதும் குடும்ப மானத்தைக் கெடுப்பதல்ல. நோயை மூடி வைத்த வீட்டில் மானமும் நிலைக்காது, மனிதரும் நிலைக்கமாட்டார்.

துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்

பள்ளிவாசலுக்கு வரும் தாய்மார்கள் பலர், மகன் மனம் மாற ஓதிக் கொடுங்கள் என்று தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்கள். ஓதிக் கொடுக்கிறோம், துஆ செய்கிறோம். ஷிஃபா தருபவன் அல்லாஹ். ஆனால் அந்தப் பாட்டிலோடு மருத்துவமனை முகவரியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

தாரிக் பின் சுவைத் (ரலி) அவர்கள், மருந்துக்காகத்தான் மது தயாரிக்கிறேன் என்று சொன்னபோது, அது மருந்தல்ல, அது நோய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள் (முஸ்லிம்). நபியவர்கள் மதுவுக்கு நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் என்றால் சிகிச்சை செய்ய வேண்டும். சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் அவர்களே (அபூதாவூத், திர்மிதீ). தொடக்கத்தில் அவர் விரும்பிச் செய்த பாவம், நாளடைவில் உடலையும் மூளையையும் பிடித்துக்கொண்ட நோயாகவும் ஆகிவிடுகிறது. பாவத்திற்குத் தவ்பா, நோய்க்கு மருத்துவம். இரண்டில் ஒன்றை விட்டாலும் குறைதான்.

குடும்பத்தார் சில விஷயங்களை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் கடுமையான நடுக்கம், குழப்பம், இல்லாத உருவங்களைக் காண்பது போன்றவை ஏற்படலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயலாதீர்கள். ரமளானில் விட்டுவிடுகிறேன் என்று அவர் நிய்யத் வைத்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சாப்பிட்ட நிலையில் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதை நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவரின் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடித்து உதைக்கும் இடங்களும் உள்ளன. அரசின் அனுமதி பெற்றதா, மனநல மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்துச் சேருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. குடும்பத்தாரும் அழைக்கலாம். சூதாட்டமும் இன்று மருத்துவ உலகில் அடிமைத்தன நோயாகவே வகைப்படுத்தப்படுகிறது. அதற்கும் ஆலோசனை பெறலாம்.

கடனில் மூழ்கியவர் "நான் இல்லாம போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று பேசினால், அதை நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் போதை மீட்பு மருத்துவமனையைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார். தம் கணவரைக் குடியால் இழந்தவர். அந்தத் துயரத்தோடு முடங்கிவிடாமல் 1980-இல் அதைத் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடிப்பவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, குடும்பத்தாருக்கும் ஆலோசனை தேவை என்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு குடிநோயாளியின் மனைவிக்குத்தான் அந்தத் தேவை புரிந்திருக்கிறது. ஞானம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்வது மூமினின் பண்பு.

சிகிச்சைக்குப் பிறகும் சிலர் மீண்டும் சறுக்குவார்கள். குடும்பம் அப்போதுதான் உடைந்துபோகும். யஃகூப் (அலை) அவர்களைப் பாருங்கள். மகன் காணாமல் போனபோது அழகிய பொறுமை என்றார்கள். ஆண்டுகள் பல கழிந்து, கண் பார்வை போன பிறகும், போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நிராசையாகாதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். யூஸுஃப் அத்தியாயத்தின் 87-வது வசனத்தில் இதைக் காணலாம். பொறுமை என்பது கையைக் கட்டி உட்கார்வதல்ல, தேடிக்கொண்டே இருப்பது.

அடி வாங்குவது ஸப்ர் அல்ல

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு மனைவியை, பெற்ற தாயை அடிப்பவர் இருக்கிறார். அந்தப் பெண் முறையிட்டு வந்தால், "ஸப்ர் செய்மா, சுவர்க்கம் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது மார்க்கம் அல்ல.

உன் சகோதரன் அநியாயக்காரனாக இருந்தாலும் அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கு உதவு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனுடைய கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்கு நீ செய்யும் உதவி என்று விளக்கினார்கள் (புகாரி). அவளைக் காப்பாற்றுவது அவளுக்கு மட்டுமல்ல, அவனுக்கும் செய்யும் உதவி. ஏனெனில் ஒரு பாவத்திலிருந்து அவனை நாம் தடுத்திருக்கிறோம்.

எனவே உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்திற்குப் போகலாம், போக வேண்டும். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் வன்முறையாகவே கணக்கிடுகிறது. பெற்றோர்களே! மகள் இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், விடியட்டும் என்று திருப்பி அனுப்பாதீர்கள். கதவைத் திறங்கள்.

பிணக்கு ஏற்பட்டால் அவர் குடும்பத்திலிருந்து ஒருவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரும் நடுவராக இருக்கட்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 35-வது வசனம் வழிகாட்டுகிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் இனிமேல் குடிக்கமாட்டேன் என்ற வாய் வார்த்தையோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தேதியில் சிகிச்சைக்குப் போவார், வீட்டுச் செலவு யார் கையில் போகும், யார் கண்காணிப்பார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எதுவும் பலனளிக்காத நிலையில் குலா, ஃபஸ்க் போன்ற வழிகளை மார்க்கம் வைத்திருக்கிறது. முறையாக ஆலிம்களிடம் கேட்டு அந்த வழியில் செல்லும் பெண்ணை யாரும் இழிவாகப் பேசக் கூடாது.

மஹல்லா என்ன செய்ய வேண்டும்?

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் நிர்வாகிகளே! சில மஹல்லாக்களில் குடிப்பவர் வீட்டுத் திருமணத்திற்குத் தஃப்தர் தரமாட்டோம் என்று முடிவெடுக்கிறார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அத்தா குடித்ததற்காக மகளின் நிக்காஹ் ஏன் தடைபட வேண்டும்? ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆனின் சட்டத்திற்கு இது பொருந்துமா என்று தயவுசெய்து யோசியுங்கள்.

அதற்குப் பதிலாக நம்மால் செய்ய முடிந்தவை சில உள்ளன.

பைத்துல்மாலிலிருந்து அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணத்தை நேரடியாகப் பள்ளிக்கே செலுத்தலாம். மளிகைப் பொருட்களை யாருக்கும் தெரியாமல் வீட்டில் சேர்க்கலாம். கணவரின் வருமானம் வீட்டுக்கு வராமல் வறுமையில் வாடும் மனைவிக்கு ஜகாத் கொடுப்பது பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு அவள் கையில் கொடுக்கலாம். கணவர் குடிக்கிறார் என்பதற்காக அவளுடைய உரிமை பறிபோகாது. கடன்பட்டவரைப் பொறுத்தவரை, பாவத்திற்காகக் கடன் வாங்கியவர் தவ்பா செய்து திருந்திய பின் ஜகாத்திலிருந்து உதவி பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்றமான கருத்து. திருந்தி வருபவரை வட்டிக் கடனிலிருந்து மீட்க அழகிய கடன் கொடுக்கும் ஏற்பாடு ஒவ்வொரு மஹல்லாவிலும் இருப்பது நல்லது.

இமாமிடம் நேரில் வர வெட்கப்படும் பெண்கள் பேசுவதற்கு, ரகசியம் காக்கக்கூடிய ஒரு ஆலிமாவையோ முதிர்ந்த பெண்ணையோ ஏற்பாடு செய்யுங்கள்.

மக்தப் உஸ்தாதுகளே! பாடம் ஓதாமல் தூங்கி விழும் பிள்ளையை அடிப்பதற்கு முன், இரவு அவன் வீட்டில் தூங்க முடிந்ததா என்று கேளுங்கள். அத்தா குடிப்பது தன்னால்தானோ என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. "உன் மேல எந்தத் தப்பும் இல்லடா" என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்தப் பிஞ்சு மனதின் பாரம் இறங்கும். மாமாவோ சித்தப்பாவோ அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வரட்டும். பெருநாளைக்குப் புதுத்துணி எடுக்கும்போது அவனுக்கும் ஒரு செட் சேர்த்து எடுங்கள்.

திருந்தி வருபவருக்கு ஸஃப்பில் இடம் கொடுங்கள். முதல் நாள் தொழ வந்தவரைப் பார்த்து, "என்ன, சூரியன் மேற்கே உதிச்சிருச்சா?" என்று கிண்டல் செய்தால் அவர் மறுநாள் வரமாட்டார்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் அணுகுமுறையை இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் பதிவு செய்கிறார்கள். ஷாம் நாட்டைச் சேர்ந்த ஒருவர் உமர் (ரலி) அவர்களிடம் வந்து போவார். சில நாட்கள் காணவில்லை. விசாரித்தபோது அவர் மதுவில் மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் எழுத்தரை அழைத்து, ஸலாம் கூறி ஒரு கடிதம் எழுதச் செய்தார்கள். அதில் ஃகாஃபிர் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை எழுதினார்கள். அல்லாஹ் பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று வரும் வசனங்கள் அவை. பிறகு அவருக்காக துஆ செய்யுமாறு சபையோரிடம் கேட்டுக்கொண்டார்கள். கடிதம் பெற்றவர் அதைத் திரும்பத் திரும்ப ஓதினார். தண்டனையை எச்சரித்து, மன்னிப்பையும் வாக்களித்திருக்கிறானே என்று அழுதார், திருந்தினார். செய்தி கேட்ட உமர் (ரலி) அவர்கள், உங்கள் சகோதரர் சறுக்கினால் இப்படித்தான் செய்யுங்கள், அவரை நேராக்குங்கள், அவருக்காக துஆ செய்யுங்கள், அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாளர்களாகாதீர்கள் என்ற கருத்தில் உபதேசித்தார்கள்.

இதில் முதல் வேலை என்ன என்று கவனித்தீர்களா? ஆளைக் காணவில்லையே என்று விசாரித்தது. பரந்த சாம்ராஜ்யத்தின் கலீஃபாவுக்கு அதற்கு நேரம் இருந்தது. நம் தெருவில் யாரைக் காணவில்லை என்பது நமக்குத் தெரியுமா? அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது தெரியுமா? இந்த வாரம் அப்படி ஒரு வீட்டை நினைவில் கொண்டுவாருங்கள். கதை கேட்கப் போகாதீர்கள். நம் வீட்டுப் பெண்களோடு ஸலாம் சொல்லிப் போய் வாருங்கள்.

யா அல்லாஹ்! போதையிலும் சூதிலும் சிக்கியிருக்கும் எங்கள் பிள்ளைகளையும் சகோதரர்களையும் உன் கருணையால் மீட்பாயாக! தவ்பாவையும் ஷிஃபாவையும் அவர்களுக்கு வழங்குவாயாக! அவர்களால் கண்ணீர் வடிக்கும் தாய்மார்களின் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தருவாயாக! மனைவியரின் மானத்தையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பாதுகாப்பாயாக! அந்தக் குடும்பங்களுக்குச் சுமையாக இல்லாமல் துணையாக நிற்கும் நல்ல தௌஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.